பாலர் ஆசிரியையின் உளநலம்



காலை எட்டு மணியளவில் நாடெங்கும் முன்பள்ளிகளின் படலைகள் திறக்கப்படுகின்றன. தாயின் சேலைத் தலைப்பை விடாது பற்றிக்கொண்டு வரும் பிள்ளைகள் சில. தந்தையின் சைக்கிளில் முன்னால் அமர்ந்து வரும் பிள்ளைகள் சில. வழியெல்லாம் அழுதுகொண்டே வரும் பிள்ளைகளும் உளர். வாயிலில் நிற்கும் ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்து, புன்முறுவலோடு வரவேற்கின்றார். அந்தப் புன்முறுவலைக் காண்போர் பலர். அஃது எங்கிருந்து ஊறி வருகின்றது, நாள்தோறும் வற்றாதிருப்பது எவ்வாறு, வற்றுமாயின் யாது நேரும் என்று சிந்திப்போர் மிகச் சிலரே. அதனைச் சிறிது சிந்திப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

பாலர்க்குக் கற்பித்தல் இலகுவான தொழில் என்பது பொதுமக்களிடையே வேரூன்றியுள்ள கருத்து. பாட்டுப் பாடிக் கதை சொல்லி, சிறிது நேரம் மணலில் விளையாட விட்டு, நண்பகலோடு வீடு திரும்பிவிடலாம். இதிற் களைப்புக்கு இடமேது என்று கேட்பார் உளர். கணிதமும் விஞ்ஞானமும் கற்பிப்போரே மூளையைச் செலவிடுகின்றனர், பாலர் ஆசிரியை பொழுதையே போக்குகின்றார் என்பது அவர்தம் எண்ணம். தொழிலை இலகுவானதென்று கருதியதனாற் கூலியும் குறைந்தது; கூலி குறைந்ததனால் மதிப்பும் குறைந்தது; மதிப்புக் குறைந்த தொழிலைச் செய்வோரின் களைப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆகவே முதற்கண் அத்தொழில் எத்தகையது என்பதை அறிதல் வேண்டும்.

இருபது பிள்ளைகள் உள்ள ஒரு முன்பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஆசிரியை பிள்ளைகளுக்கு முன்னரே வந்து முற்றத்தைக் கூட்டுகின்றார். கிணற்றின் மூடி மூடப்பட்டுள்ளதா, மலசலகூடம் துப்புரவாக உள்ளதா, முற்றத்திற் கண்ணாடித் துண்டு எதுவும் கிடக்கின்றதா என்று பார்க்கின்றார். பிள்ளைகள் வந்தபின் அவர் நிமிர்ந்து நிற்கும் நேரம் குறைவு. பிள்ளையின் கண்மட்டத்திற்குக் குனிய வேண்டும்; முழந்தாளில் இருக்க வேண்டும்; பிள்ளைகளுக்கென அமைந்த சிறு கதிரையில் தாமும் அமர வேண்டும்; விழுந்த பிள்ளையைத் தூக்க வேண்டும். பெரிய வகுப்புகளில் ஆசிரியர் பேசும்போது மாணவர் மௌனமாக இருப்பர். பாலர் வகுப்பிலோ எல்லாரும் ஒரே நேரத்திற் பேசுவர்; அவ்வொலிக்கு மேலாக ஆசிரியையின் குரல் எழ வேண்டும். ஏனைய தொழிலாளரைக் காட்டிலும் ஆசிரியர்களிடையே குரல்வளைக் கோளாறுகள் மிகுதி என்பது மருத்துவர்கள் பல நாடுகளிற் கண்டறிந்த உண்மை. பாலர் ஆசிரியை பேசுவதோடு அமையாது பாடவும் வேண்டியவர். மழைக்காலத்தில் ஒரு பிள்ளைக்கு வரும் தடிமனும் இருமலும் முதலில் அவரையே வந்து அடைகின்றன.

இன்னுமொன்று உண்டு. அது வெளியிற் சொல்லப்படாத துன்பம். தனி ஒருத்தியாக வகுப்பை நடத்தும் ஆசிரியை, தம் இயற்கைத் தேவையின் பொருட்டுக்கூட ஐந்து நிமிடம் அப்பாற் செல்ல இயலாது. மூன்று வயதுப் பிள்ளைகளை ஐந்து நிமிடம் தனியே விடுதல் ஆகாது. ஆதலால் நீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் ஆசிரியைகள் உளர். பல ஆண்டுகள் இவ்வாறு கழியின் உடல்நலம் கெடுமென்பதற்கு மருத்துவரின் சான்று வேண்டியதில்லை. இத்துன்பத்தை நீக்கப் பெருந்திட்டமும் வேண்டியதில்லை. உதவிக்கு இன்னொருவர் இருந்தாற் போதும்.

உடலின் பாரம் இத்தகையதாக, உள்ளத்தின் பாரம் அதனினும் பெரிது. வகுப்பில் ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையைக் கடித்துவிடுகின்றது. கடியுண்ட பிள்ளை அலறுகின்றது. கடித்த பிள்ளையும் அஞ்சி அழுகின்றது. ஏனைய பிள்ளைகள் ஆசிரியையின் முகத்தைப் பார்க்கின்றன. அம்முகத்தில் அச்சம் தோன்றினால் வகுப்பு முழுவதும் அஞ்சும். சினம் தோன்றினாற் கலங்கும். ஆகையால் அவர் தம் உள்ளத்து எழும் உணர்ச்சியை அடக்கி, அமைதியான குரலிற் பேச வேண்டியவராகின்றார். தம் சொந்தப் பிள்ளை வீட்டிற் காய்ச்சலோடு படுத்திருப்பினும் அன்று சிரித்துப் பாடத்தான் வேண்டும். தொழிலின் பொருட்டு முகத்தையும் உணர்ச்சியையும் ஆளும் இம்முயற்சியை, ஆர்லி ஹொக்ஷில்ட் என்னும் அமெரிக்கச் சமூகவியலறிஞர் 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயரிட்டு விளக்கினார். அவர் சிறப்பாக ஆராய்ந்தது விமானப் பணிப்பெண்களின் தொழிலை. எனினும் அவர் கூறியது பாலர் ஆசிரியைக்கும் முற்றும் பொருந்தும். மண்வெட்டி பிடித்தவனின் கைக் காய்ப்பை யாவரும் காண்பர். உணர்ச்சி உழைப்பின் தழும்பை எவரும் காண்பதில்லை.

பிள்ளைகளுக்கு அந்த அமைதி ஏன் அத்துணை அவசியம் என்ற வினா எழலாம். ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955ஆம் ஆண்டிற் பிறந்த 698 பிள்ளைகளை, எமி வேர்ணர் என்னும் உளவியலறிஞரும் அவருடைய துணைவர்களும் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து ஆராய்ந்தனர். அப்பிள்ளைகளுள் ஒரு பகுதியினர் வறுமை, குடும்பப் பிணக்கு, பெற்றோரின் நோய் எனப் பல இடர்களுக்கிடையே வளர்ந்தனர். இத்தகைய பிள்ளைகள் யாவரும் கெட்டழிவர் என்றே பலரும் எதிர்பார்த்திருப்பர். ஆயினும் அவர்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் திறமையும் அன்பும் பொறுப்பும் உடைய மனிதராக உருவாயினர். அவர்களைத் தாங்கி நின்றவற்றுள் முதன்மையான ஒன்று, உறுதியோடு அன்பு காட்டிய ஒரு பெரியவரின் உறவு. அப்பெரியவர் சிலருக்குப் பாட்டியாக இருந்தார். சிலருக்கு அயலவராக இருந்தார். சிலருக்கு ஆசிரியராக இருந்தார்.

இவ்வாராய்ச்சி ஒரு பேருண்மையை உணர்த்துகின்றது. இடரிலிருந்து மீண்டெழும் ஆற்றல் பிள்ளையின் உள்ளே தானாக முளைப்பதன்று. அது பிறரிடமிருந்து பெறப்படுவது. இதனை ஏற்றுக்கொள்ளும் சமூகம் அடுத்த வினாவையும் கேட்டாக வேண்டும். பிள்ளைகள் தம் உறுதியை ஆசிரியையிடமிருந்து பெறுகின்றனர். ஆசிரியை தம் உறுதியை யாரிடமிருந்து பெறுவார்? பிள்ளைகளுக்கு ஒரு நியதியும் ஆசிரியைக்கு வேறொரு நியதியும் இருத்தல் கூடுமோ? அவரும் மனிதரே. அவருடைய உறுதியும் பிறரால் ஊட்டப்பட வேண்டியதே.

ஊட்டப்படாதபோது நிகழ்வது யாது என்பதையும் அறிஞர் ஆராய்ந்துள்ளனர். பிறர்க்குத் தொண்டு செய்யும் தொழில்களில் ஈடுபட்டோர் சில ஆண்டுகளில் எரிந்து தீர்ந்த விறகுபோல் ஆகிவிடுவதை ஹேர்பேர்ட் புரொய்டன்பேர்கர் என்னும் உளவியலறிஞர் 1974ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். பின்னர் கிறிஸ்ரினா மஸ்லாக் என்னும் அறிஞர் அந்நிலைக்கு மூன்று அடையாளங்களை வகுத்தார். முதலாவது, உள்ளம் முற்றாகக் களைத்துப்போதல். இரண்டாவது, எவர்க்குத் தொண்டு செய்கின்றாரோ அவரிடமிருந்தே மனம் விலகிப்போதல். மூன்றாவது, தாம் செய்யும் வேலையாற் பயன் ஒன்றுமில்லை என்ற எண்ணம் குடிகொள்ளல். உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் இந்நிலை இடம்பெற்றது. ஆனால் அதனை ஒரு நோயென்று அந்நிறுவனம் கூறவில்லை. முறையாகக் கையாளப்படாத, நீடித்த வேலைப் பாரத்தின் விளைவு என்றே கூறிற்று. இவ்வேறுபாடு கவனிக்கத்தக்கது. நோயென்றால் மருந்து நோயாளிக்கு. வேலைப் பாரத்தின் விளைவென்றால் மருந்து வேலைக்கு.

பாலர் வகுப்பில் இவ்வடையாளங்களைக் கண்டுகொள்ளுதல் கடினமன்று. பாட்டுப் பாடப்படும், ஆனால் ஆசிரியையின் கண்கள் கடிகாரத்தில் இருக்கும். முன்னர் அழுத பிள்ளையை மடியில் இருத்தியவர், இப்போது "அழுது முடித்துவிட்டு வரட்டும்" என்பார். பிள்ளை தான் வரைந்த படத்தைக் கொண்டுவந்து காட்டுகையில், பாராமலே "நல்லது" என்பார். இவையெல்லாம் கல்நெஞ்சின் அடையாளங்கள் அல்ல. நெஞ்சம் பல காலம் அளவின்றிக் கொடுத்துக் களைத்தமையின் அடையாளங்கள். அவரைக் குறைகூறுவோர் அவருடைய பத்தாண்டு உழைப்பையும் ஒருமுறை கணக்கிற் கொள்ளல் நன்று.

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்கு இதனை விளக்க ஓர் உவமை போதும். அங்கே சுண்ணக்கற் பாறையின் இடுக்குகளில் மழைநீர் தங்கி, கடலின் உவர்நீருக்கு மேலே நன்னீராக நிற்கின்றது. அளவோடு இறைத்து, இரவில் ஊறவிட்டால் கிணறு தலைமுறை தலைமுறையாக நன்னீர் தரும். இயந்திரத்தைப் பூட்டி ஓயாது இறைத்தாலோ, கீழிருக்கும் உவர்நீர் மேலெழும். ஒருமுறை உவராகிய கிணறு எளிதில் மீள்வதில்லை. அப்போது கிணற்றைப் பழித்து என்ன பயன்? இறைத்தவரின் அளவின்மையே பிழை. மனிதருடைய பொறுமையும் அத்தகையதே. அது வற்றாத ஊற்று என்று புகழ்ந்துகொண்டே ஊறுதற்கு நேரம் விடாதிருப்பது, அறியாமை அல்லது தன்னலம்.

இங்கே ஒரு சொல்லின் பொருளைத் தெளிவாக்கிக்கொள்ளல் வேண்டும். மீண்டெழும் ஆற்றல் என்பதனைப் பலர் சகித்துக்கொள்ளும் ஆற்றல் என்று மயங்குகின்றனர். எத்துணைப் பாரம் ஏற்றினும் முறைப்பாடு சொல்லாது சுமப்பவரே உறுதியுடையவர் என்பது அவர்தம் எண்ணம். பாரம் ஏற்றுவோர்க்கு இக்கருத்து மிகவும் வசதியானது. உண்மையில் மீண்டெழுதல் என்பது வளைந்தபின் நிமிர்தல். நிமிர்வதற்குச் சிறிது நேரமும் ஊன்றிக்கொள்ள ஓரிடமும் வேண்டும். அவ்விரண்டையும் கொடாது, உறுதியை மட்டும் ஒருவரிடம் எதிர்பார்த்தல் நீதியன்று.

பாலர் கல்வியின் வரலாற்றிலே மீண்டெழுந்தோர் பலர். அவர்கள் எவ்வாறு மீண்டெழுந்தனர் என்பதை நோக்கின் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். சிறுவர் பூங்கா எனப் பொருள்படும் 'கிண்டர்கார்டன்' என்ற பெயரை 1840ஆம் ஆண்டில் வழங்கியவர் ஜேர்மனியரான பிரடெரிக் புரோபல். பாலர்க்கு விளையாட்டே கல்வி என்று கண்ட பெருந்தகை அவர். 1851ஆம் ஆண்டில் பிரசிய அரசாங்கம் அவருடைய சிறுவர் பூங்காக்களைத் தடைசெய்தது. அவை சமயத்திற்கும் அரசுக்கும் மாறான கருத்துக்களைப் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. அவருடைய சகோதரன் மகன் எழுதியதை அவர் எழுதியதாகக் கொண்டமையால் நேர்ந்த மயக்கமும் அதற்குக் காரணம் என்பர். வாழ்நாள் உழைப்பு ஓர் ஆணையாற் சிதைந்ததைக் கண்ட முதியவர், அடுத்த ஆண்டே, 1852இல், உயிர் துறந்தார். தடை நீங்கியதை அவர் காணவில்லை. அது 1860ஆம் ஆண்டிலேயே நீங்கிற்று.

ஆயினும் அவருடைய பணி அழியவில்லை. பேர்த்தா வொன் மாறன்ஹோல்ற்ஸ் என்னும் சீமாட்டி தடையை நீக்குவதற்கும் ஏனைய நாடுகளில் அம்முறையைப் பரப்புவதற்கும் ஓயாது உழைத்தார். புரோபலின் விரிவுரைகளைக் கேட்டிருந்த மார்கரெத் சூர்ஸ் என்னும் பெண்மணி 1856ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் ஒரு சிறுவர் பூங்காவைத் தம் இல்லத்திலே தொடங்கினார். ஒருவரால் தனித்துத் தாங்க இயலாத இடரைப் பலர் பகிர்ந்து தாங்கினர். பாலர் கல்வி பிழைத்தது தனி மனிதரின் இரும்பு நெஞ்சினால் அன்று, தோழமையினால்.

இங்கிலாந்திலே மார்கரெட் மக்மில்லன், றேச்சல் மக்மில்லன் என்னும் சகோதரியர் இருவர், இலண்டனின் வறியோர் வாழ்ந்த டெட்போர்ட் பகுதியில் 1914ஆம் ஆண்டில் திறந்தவெளிப் பாலர் பள்ளியை அமைத்தனர். அதே ஆண்டில் முதலாம் உலக யுத்தம் மூண்டது. 1917இல் றேச்சல் மறைந்தார். உடன்பிறந்தாளையும் தோழியையும் ஒருங்கே இழந்த மார்கரெட், பள்ளியை மூடிவிடவில்லை. பாலர் ஆசிரியைகளுக்கு ஏனைய ஆசிரியர்க்குக் குறையாத நீண்ட பயிற்சி வேண்டுமென்று வாதாடி, அதன் பொருட்டு ஒரு கல்லூரியை நிறுவித் தம் சகோதரியின் பெயரையே அதற்கு இட்டார். 1930ஆம் ஆண்டில் அக்கல்லூரியின் கட்டடம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அவரும் மறைந்தார். பயிற்சி என்பது கற்பிக்கும் முறையை அறிவதற்கு மட்டும் உரியதன்று. பிள்ளை ஏன் கடிக்கின்றது, ஏன் பிடிவாதம் கொள்கின்றது என்று அறிந்த ஆசிரியை அச்செயலைத் தமக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கொள்வதில்லை. அறியாதவர்க்கோ அதுவே நாள்முழுதும் நெஞ்சில் முள்ளாக நிற்கும். ஆகவே அறிவே ஒரு கவசம்.

மொன்ரிசோரி அம்மையாரின் பெயரை அறியாதார் நம் நாட்டில் இல்லை. 1907ஆம் ஆண்டில் உரோமாபுரியின் வறிய பகுதி ஒன்றில் முதலாவது 'சிறுவர் இல்ல'த்தைத் திறந்த அவர், 1939ஆம் ஆண்டில் இந்தியா வந்தார். இரண்டாம் உலக யுத்தம் காரணமாக, இத்தாலியர் என்பதனால், தாயகம் திரும்ப இயலாது பல ஆண்டுகள் அங்கேயே தங்கினார். அவருடைய மகனும் சில காலம் சிறைக்காவலில் வைக்கப்பட்டார். எழுபது வயதைக் கடந்த அந்நிலையிலும் அவர் ஆசிரியர்க்குப் பயிற்சியளிப்பதை விடவில்லை. 1944ஆம் ஆண்டில் இலங்கைக்கும் வந்து பயிற்சியளித்தார். ஆசிரியர் தம் அகத்தைப் பண்படுத்திக்கொள்ள வேண்டும், சிறப்பாகச் சினத்தையும் செருக்கையும் களைதல் வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய கொள்கை. அஃது உண்மையே. எனினும் அகத்தைப் பண்படுத்துவதற்கும் ஓய்வும் அமைதியும் வேண்டும். அடுத்த வேளைச் சோற்றை எண்ணிக் கலங்கும் உள்ளத்தில் அப்பண்பாடு எவ்வாறு விளையும்?

இனி, நம் நாட்டின் நிலையை நோக்குவோம். 1945ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வி நம் நாட்டின் பெருமையாக விளங்குகின்றது. ஆயினும் அரசாங்கப் பாடசாலையின் வாயில் பிள்ளை முதலாம் தரத்திற் சேரும்போதே திறக்கின்றது. அதற்கு முந்திய இரண்டு மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் அவ்வேலிக்கு அப்பாலே கழிகின்றன. 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் முன்பள்ளிகளின் முகாமை மேற்பார்வை மாகாண சபைகளிடம் ஒப்படைக்கப்பட்டது. முன்பள்ளிகளை நடத்துவோரோ பலர்: சனசமூக நிலையங்கள், மாதர் சங்கங்கள், சமய நிறுவனங்கள், உள்ளூராட்சிச் சபைகள், தனியார். மலையகத் தோட்டங்களிலே கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்மாரின் கைக்குழந்தைகள் முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் வரை, 'பிள்ளைக் காம்பரா' என்று மக்கள் வழங்கும் நிலையங்களிற் பராமரிக்கப்படுகின்றனர். இவ்விடங்களிலெல்லாம் பணியாற்றுவோர் பெரும்பாலும் பெண்கள். பல முன்பள்ளிகளில் ஆசிரியையின் வேதனம் பெற்றோர் செலுத்தும் கட்டணத்திலேயே தங்கியுள்ளது. ஊரில் மீன்பாடு இல்லையெனின், வெள்ளாண்மை பொய்ப்பின், கட்டணம் வாராது. கட்டணம் வாராவிடின் வேதனமும் இல்லை. ஓய்வூதியமும் பலர்க்கு இல்லை.

இத்தகைய நிலையிலிருப்போர், நாட்டிற்கு நேர்ந்த இடர்களிலெல்லாம் பிள்ளைகளின் அருகே நின்றிருக்கின்றனர். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கீழ்க்கரை ஊர்களை அழித்தபின், அகதி முகாம்களிலே பிள்ளைகளை ஒன்றுகூட்டிப் பாட்டுப் பாடியோருள் தம் உற்றாரையே இழந்த ஆசிரியைகள் இருந்தனர். 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற யுத்தத்தின்போது இடம்பெயர்ந்து, தறப்பாள் கொட்டில்களிலே பாலரைப் பேணியோரும் உளர். 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றினால் முன்பள்ளிகள் மூடப்பட்டபோது, கட்டணமே வருவாயாக இருந்தோர்க்கு அவ்வருவாயும் நின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், எரிபொருளின்றி வாகனங்கள் ஓடாத நாட்களிற் கால்நடையாக வந்தோர் பலர். இவர்களை நாடு புகழ்கின்றது. 'தியாகம்' என்றும் 'தாய்மை' என்றும் விழாமேடைகளிற் பேசுகின்றது. பொன்னாடையும் போர்த்துகின்றது. ஆனால் புகழ்ச்சி வேதனத்திற்கு ஈடாகாது. தாய்மை என்ற சொல் கூலியைக் குறைப்பதற்கு ஒரு சாட்டாக ஆகிவிடக்கூடாது. தியாகம் என்பது ஒருவர் தாமே மனமுவந்து கொடுப்பது. பிறரால் நாள்தோறும் எடுத்துக்கொள்ளப்படுவது தியாகமாகாது.

ஆசிரியரின் தகுதிநிலை பற்றி 1966ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழில் நிறுவனமும் யுனெஸ்கோவும் இணைந்து வெளியிட்ட பரிந்துரை, பாலர் பள்ளி ஆசிரியரையும் ஆசிரியர் என்றே உள்ளடக்கிக் கூறியுள்ளது. ஆகவே அவர்க்கு உரியதைக் கொடுத்தல் புதிய சலுகையன்று. நெடுங்காலமாக நிலுவையில் உள்ள கடன். வேதனம், சேமலாப நிதி, பயிற்சி, உதவியாளர் ஆகிய இவை அரசாங்கமும் நிருவாகமும் செய்ய வேண்டியவை. இவற்றுக்குக் காலம் ஆகலாம். அதுவரை கைகட்டியிருக்க வேண்டுமென்பதில்லை. நாளையே செய்யத்தக்கன சில உள.

பெற்றோர் செய்யத்தக்கவை முதலாவன. வகுப்பு முடியும் நேரத்திற் பிள்ளையைத் தவறாது அழைத்துச் செல்லுதல். கட்டணத்தை உரிய நாளிற் செலுத்துதல். இயலாவிடின் ஒளியாது முன்னரே சொல்லுதல். "ரீச்சர், அடுத்த வீட்டுப் பிள்ளை பெயர் எழுதுகிறது, எங்கள் பிள்ளை இன்னும் அ எழுதவில்லையே" என்ற வினாவைச் சிறிது ஒத்திவைத்தல். மூன்று வயதுப் பிள்ளையின் விரல்கள் பென்சிலை ஆளுதற்கு முன், களிமண்ணைப் பிசையவும் மணிகளைக் கோக்கவும் பழக வேண்டும். இதனைப் பயிற்சியின்போது கற்ற ஆசிரியை, பெற்றோரின் அவசரத்திற்கு அஞ்சி எழுத்து வேலையைத் திணிக்கின்றார். தாம் சரியென்று அறிந்ததற்கு மாறாக நாள்தோறும் நடக்க நேர்வது, வேலைப் பாரத்தினும் கொடிய பாரம். மாதம் ஒருமுறை பெற்றோர் வந்து ஒரு மணி நேரம் வகுப்பில் உடனிருந்து உதவினால், இவ்வவசரம் தானே தணியும்.

நிருவாகத்தினர் செய்யத்தக்கவை அடுத்தன. எந்த ஆசிரியையும் தனியே நிற்காதவாறு ஓர் உதவியாளரை, அல்லது முறைவைத்து வரும் தாய்மாரை ஒழுங்கு செய்தல். காலையில் பத்து நிமிடமாவது அமர்ந்து தேநீர் அருந்த விடுதல். நோயுற்ற நாளில் லீவு கேட்பதைக் குற்றமாகக் கொள்ளாதிருத்தல். கலைவிழா, விளையாட்டு விழா என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதிருத்தல். விழாவுக்கான உடுப்பும் தோரணமும் ஆசிரியையின் கைப்பணத்திலிருந்து செலவாவதை நிருவாகத்தினர் அறியாதவர் அல்லர்.

ஆசிரியைகள் தமக்குத் தாமே செய்துகொள்ளத்தக்கனவும் உள. அயலூர்களிலுள்ள நான்கைந்து முன்பள்ளி ஆசிரியைகள் மாதத்தில் ஒரு மாலை ஒன்றுகூடலாம். புதிய பாட்டொன்றையோ விளையாட்டொன்றையோ பரிமாறிக்கொள்ளலாம். அதனினும் மேலாக, தமக்கு நேர்ந்த இடர்களை மனம்விட்டுப் பேசலாம். தமக்கு மட்டுமே இயலாதென்று ஒருத்தி எண்ணி மறுகிய காரியம், ஏனையோர்க்கும் இயலாதிருந்தது என்று அறிவதே பாதி மருந்தாகும். குரலை உயர்த்தாது, கைதட்டலாலும் சிறு மணியாலும் பிள்ளைகளை அழைக்கப் பழகினால் தொண்டை பிழைக்கும். நாள் முடிவில் அன்று ஒரு பிள்ளை புதிதாகச் செய்த ஒன்றை ஒரு கொப்பியிற் குறித்துவைக்கலாம். தம் வேலையாற் பயனில்லை என்ற எண்ணம் தலைதூக்கும்போது, அக்கொப்பியே சாட்சி சொல்லும். துயரம் பல வாரங்கள் நீடித்து, உறக்கமும் உணவும் கெடுமாயின், வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுதல் வேண்டும். அதில் வெட்கப்படுதற்கு யாதுமில்லை.

பெரிய பாடசாலைகளின் அதிபர்க்கும் முதலாம் தர ஆசிரியர்க்கும் ஒரு கடமை உண்டு. முன்பள்ளியிலிருந்து வரும் பிள்ளை கைகழுவவும், முறை வரும்வரை காத்திருக்கவும், கதையை இருந்து கேட்கவும், தாயைப் பிரிந்து அழாதிருக்கவும் பழகியே வருகின்றது. அப்பழக்கங்களை அமைத்தவர் யார் என்பதை அவர்கள் அறிவர். ஆண்டுத் தொடக்கத்தில் அவ்வாசிரியையை அழைத்துப் பிள்ளைகளைப் பற்றி அவருடைய கருத்தைக் கேட்பார்களாயின், பொன்னாடையினும் அது சிறந்த மதிப்பாகும். தம் அறிவு பிறரால் நாடப்படுகின்றது என்ற உணர்வு, களைத்த உள்ளத்திற்கு நல்லதோர் உரம்.

பாலர் ஆசிரியையின் உளநலம் அவருடைய சொந்த விடயமன்று என்பதே இதுகாறும் கூறியவற்றின் சாரம். அவருடைய கையில் ஒப்படைக்கப்படுவது ஒவ்வொரு குடும்பத்தின் மிகப் பெருஞ் செல்வம். அச்செல்வம் அமைதியாக வளர வேண்டுமென்று விரும்புவோர், அதனைக் காப்பவரின் அமைதியையும் காத்தல் வேண்டும். நாளை பிள்ளையை விட்டுவரச் செல்லும் தாயோ தந்தையோ, "பிள்ளை எப்படி?" என்று வினவுமுன், "ரீச்சர், நீங்கள் சுகமா?" என்று ஒரு சொற் கேட்பாராக. கேட்டு, விடைக்கும் சிறிது காத்து நிற்பாராக.